ஆசிட் என்றால் அலறுவோம், சுண்ணாம்பு என்றால்?

கொத்தனார் மகன்:
'அமிலம் புளிக்கும், காரம் கசக்கும்' என்று பள்ளியில் படித்த அன்றே எனக்குக் குழப்பம். காரம் எப்படிக் கசக்கும்? மிளகாய்தானே காரம்? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகிப்போனது. அந்த வேதியியல் காரம் என்னவென்று கண்ணாலேயே தெரிந்துகொண்ட கதை இது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பா பழைய டிரம்மில் சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். கல் வெடித்து மாவாகும், ஆவி எழும். "தள்ளி நில்லுடா" என்றார். பத்து வயதுப் பையன் தள்ளியா நிற்பான்? எட்டிப் பார்த்தேன். ஒரு துளி தெறித்து இடது கண்ணில் விழுந்தது.

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிடரியைப் பிடித்து அடிபம்புக்கு இழுத்துப்போய்த் தலையைக் கீழே பிடித்தார். சித்தப்பா அடிக்க அடிக்க, இமையைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். இமைக்குள் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கை ஈரத் துணி நுனியால் எடுத்தார். கால் மணி நேரத்துக்கு மேலிருக்கும். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

கண் மருத்துவமனையில் டாக்டர் முதலில் செய்தது, கீழிமைக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டையைத் தொட்டு எடுத்ததுதான். அது பச்சையும் நீலமுமாக மாறியது. "இன்னும் காரம் இருக்கு" என்று மறுபடி கழுவினார்கள், மறுபடி பட்டை வைத்தார்கள். நிறம் மாறாமல் நின்ற பிறகுதான் மருந்து. "எலுமிச்சை விட்டா முறிஞ்சிடாதாங்க?" என்று அப்பா கேட்டதற்கு டாக்டர் முறைத்தார். அமிலமும் காரமும் சேர்ந்தால் சூடு வரும், கண்ணுக்குள் வைத்தா அந்தச் சோதனை என்றார். அமிலம் பட்டால் மேல்திசு உறைந்து ஓரளவு தடுத்துவிடுமாம். காரமோ கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் கண்ணுக்கு ஆசிட்டைவிடச் சுண்ணாம்பு மோசம். பார்வை தப்பித்தது, கருவிழி ஓரத்தில் மெல்லிய தழும்பு மட்டும். அந்த அடிபம்புதான் காப்பாற்றியது என்பார் அப்பா. உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

வெற்றிலைப்பெட்டி:
படித்ததும் எழுந்துபோய் அம்மாச்சியின் சுண்ணாம்புப் பாக்கெட்டை அலமாரி உச்சியில் வைத்துவிட்டு வந்தேன். அழுத்தினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாக்கெட் அது. என் மூன்று வயது மகன் நேற்று அதைத்தான் கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

மாடிவீட்டு மருமகள்:
என்னுடையது முட்டாள்தனம். பாத்ரூம் டைல்ஸில் கறை போகவில்லை என்று ப்ளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டிருந்தேன். அப்புறம் பொறுமையில்லாமல் தள்ளுவண்டியில் வாங்கிய ஆசிட்டையும் அதன் மேலேயே ஊற்றினேன். இரண்டும் சேர்ந்தால் பளபளக்கும் என்று நினைப்பு. நுரைத்து, பச்சை மஞ்சளாக ஒரு புகை. நெஞ்சைக் கட்டையால் அடைத்த மாதிரி இருந்தது. அது குளோரின் வாயு என்று பிறகு தெரிந்தது. தாழ்ப்பாள் போடாததால் வெளியே வந்து விழுந்தேன். இரண்டு நாள் இருமல். அத்தை இன்றும் "எங்க மருமக கெமிஸ்ட்ரி" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:
நல்ல அனுபவமும் ஒன்று இருக்கட்டும். விருந்தில் வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டால் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது! கணவர் பதறிவிட்டார். சோப்பு காரம், மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். எலுமிச்சை பிழிந்தேன், திரும்ப மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதேதான். மறுநாள் வகுப்பில் லிட்மஸ் தாள் எடுக்கவே இல்லை, மஞ்சள் தடவிய காகிதத் துண்டுகளே போதுமாக இருந்தன. சட்டைக் கறையை எடுத்தது என்னவோ வெயில்தான். கொடியில் போட்டால் மஞ்சள் தானே வெளுத்துவிடும்.

ரப்பர் தோட்டம்:
குமரிப் பக்கம் எங்களுக்குத் தினமும் இதே பிழைப்பு. மரத்தில் வெட்டிய பாலைத் தண்ணீர் கலந்து டிஷ்ஷில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் ஆசிட் விட்டால் மறுநாள் காலையில் தயிர் மாதிரி உறைந்திருக்கும். மிஷினில் கொடுத்து ஷீட் அடிப்போம். பாலாகவே விற்க வேண்டுமென்றால் உறையாமலிருக்க அமோனியா. அதாவது உறைய அமிலம், உறையாதிருக்கக் காரம். எறும்பு கடித்தால் எரிய வைக்கும் அதே ஆசிட்தான் இது. கையுறை போடச் சொன்னால் சித்தப்பா கேட்பதில்லை, அவர் விரல் நுனித் தோல் எப்போதும் உரிந்தபடிதான்.

கொத்தனார் மகன்:
உங்கள் சித்தப்பாவைச் சொன்னதும் அப்பா ஞாபகம். இப்போது சுண்ணாம்பு போய் பெயிண்ட் வந்துவிட்டது, ஆனால் சிமெண்ட் இருக்கிறதே. ஈர சிமெண்ட்டும் சுண்ணாம்புக்குக் குறையாத காரம்தான், அமிலமா காரமா என்று அளக்கும் பிஎச் அளவில் 12க்கு மேல். கான்கிரீட் போட்ட நாளில் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அதில் இப்போது ஆணி போட்டு வைத்திருக்கிறார்.