பெரியம்மாவின்ரை புதுக் குளிசை

குழு: கோண்டாவில் வீட்டார்

சுகந்தி, பி.ப. 4.10
அம்மாவைக் கிளினிக்கிலை காட்டிப்போட்டு வந்தாச்சு. பிளேட்லெட் (ரத்தம் உறைய வைக்கிற அணு) 22,000. பிரெட்னிசலோன் எண்ட ஸ்ரெரொய்டைக் குறைக்கக் குறைக்க அதுவும் இறங்குது எண்டு, பிளேட்லெட்டைக் கூட்டிற எல்ட்ரொம்போபாக் 50 மில்லிகிராம் எழுதியிருக்கினம், நாளுக்கு ஒண்டு. துண்டிலை "வெறும் வயிற்றில்" எண்டு மட்டும் கிடக்கு. சிவா அண்ணை, எத்தினை மணிக்குக் குடுக்கிறது?

சிவா (பாமசி), 4.18
மணி பிறகு. இப்ப அவ போடுற மருந்து ஒண்டும் விடாமல் எழுது. பாணி மருந்தும் சேர்த்து.

சுகந்தி, 4.25
காலமை பிரெட்னிசலோன் 15 மி.கி., ஒமெப்ரசோல், கல்சியம் லக்ரேற் 2. இரவிலை கொலஸ்ரரோலுக்கு ரொசுவாஸ்ரற்றின் 10. நெஞ்செரிச்சல் வந்தால் வெள்ளைப் பாணி.

சிவா, 4.33
பார்த்தியோ, பிரச்சினை அந்தக் கல்சியத்திலைதான். ஸ்ரெரொய்ட் போடுற ஆக்களுக்கு எலும்புக்கெண்டு அதையும் குடுக்கிறது வழமை, பிழையில்லை. ஆனால் எல்ட்ரொம்போபாக் கல்சியத்தைக் கண்டால் அதோடை ஒட்டிக்கொள்ளும். பேந்து குடல் அதை உறிஞ்சாது, அப்பிடியே வெளியிலை போயிடும். இரும்பு, சிங்க், மக்னீசியம், அலுமினியத்தோடையும் இதே கதைதான். வெள்ளைப் பாணியிலை கடைசி ரெண்டும் கிடக்கு. ஒமெப்ரசோலாலை கரைச்சல் இல்லை.

கணக்கு: இதுகள் உள்ள மருந்தோ, பால், தயிர் மாதிரிச் சாப்பாடோ சாப்பிட்டு 4 மணித்தியாலம் கழிச்சுத்தான் குளிசை. குளிசை போட்டால் பிறகு 2 மணித்தியாலத்துக்கு இதுகள் கூடாது.

சுகந்தி, 4.35
அப்ப படுக்கைக்குப் போகேக்கை குடுத்தால்?

சிவா, 4.41
குடுக்கலாம். ஆனால் பின்னேரப் பால்தேத்தண்ணி, ராச்சாப்பாட்டுத் தயிர் எண்டு ஒவ்வொண்டாப் பார்க்கவேணும். பெரியம்மா விடிய 5க்கே எழும்பிறவதானே. எழும்பினவுடனை தண்ணியோடை முழுசா விழுங்கட்டும். இடிக்கவோ கரைக்கவோ வேண்டாம். அந்தரமெண்டால் வெறும் தேத்தண்ணி, பால் விடாமல். 7 மணிக்குப் பிறகு பால், குரக்கன் புட்டு, முருங்கையிலை, நெத்தலி, எள்ளுருண்டை என்னவும் சாப்பிடலாம். பிரெட்னிசலோன் 8 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. கல்சியத்தை மத்தியானத்துக்கு மாத்து.

ரொசுவாஸ்ரற்றின் விசயம்: இந்தக் குளிசை அதின்ரை அளவை ரத்தத்திலை கூட்டும். வழமையாப் பாதியாக் குறைக்கிறவை. நீயாக் குறைக்காதை, கிளினிக்கிலை கேள். தசை நோ வந்தால் உடனை சொல்லு.

குஞ்சியப்பு, 4.52
இன்ரநெற்றிலை ஆசியாக்காரருக்கு 25இலை தொடங்கவேணும் எண்டு கிடக்கு. 50 கூடிப்போச்சோ?

மதி (வாட் நேர்ஸ்), 5.03
அது சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்துப் பக்கத்து ஆக்களுக்கு, அப்பா. அவையின்ரை உடம்பிலை இந்த மருந்து கூட நிக்கும். எங்களை அதிலை சேர்க்கிறேல்லை. ஈரல் வருத்தம் இருந்தாலும் 25தான். கூடினது 75, அதுக்கு மேலை இல்லை.

சுகந்தி, ஒரு கிழமையிலை ஏறேல்லை எண்டு பயப்பிடாதை. இது எலும்பு மச்சையைத் தட்டிப் பிளேட்லெட்டைக் கூடச் செய்ய வைக்கிற மருந்து. உடம்பு பிளேட்லெட்டை அழிக்கிறதை இது நிப்பாட்டாது. ஏற 1-2 கிழமை பிடிக்கும். 75ஐ 4 கிழமை போட்டும் அசையேல்லையெண்டால் டொக்டர் நிப்பாட்டுவார்.

முதல்லை கிழமைக்கு ஒருக்கா எஃப்.பி.சி. (ரத்த அணு எண்ணிற ரெஸ்ற்), 2 கிழமைக்கு ஒருக்கா ஈரல் ரெஸ்ற். அளவு நிலைச்சால் ரெண்டும் மாதத்துக்கு ஒருக்கா. ரத்தம் எடுக்கிறவைக்கு இந்த மருந்தின்ரை பேரைச் சொல்லு: இதின்ரை நிறம் சீரத்திலை ஏறி பிலிருபினை (ஈரல் ரெஸ்றிலை பார்க்கிற மஞ்சள் நிறச் சத்து) பிழையாக் காட்டுறதும் உண்டு. இன்னொண்டு, ஆளின்ரை தோலிலை ஒரு ரத்தப் புள்ளியும் இல்லை, ரிப்போட்டிலை மட்டும் திடீரெண்டு 6,000 எண்டு வந்தால், குழாய்க்குள்ளை பிளேட்லெட் கட்டிபட்டிருக்கும். பிளட் பிக்சர் (ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பிலை பார்க்கிறது) பார்த்து, சிற்றேற் போட்ட குழாயிலை திருப்பி எடுக்கச் சொல்லு.

குஞ்சியப்பு, 5.06
அண்ணிக்குப் பப்பாசி இலைச் சாறும் சேர்த்துக் குடுத்தால் கெதியா ஏறும். எல்லாரும் அனுப்பினம்.

மதி, 5.11
அனுப்பட்டும். அது டெங்குக் காலத்திலை சுத்துற கதை. ஈரல் ரெஸ்ற் கூடினால் சாறாலையோ குளிசையாலையோ எண்டு யார் பிரிக்கிறது?

சுகந்தி, 5.14
150,000 தாண்டினால் நிப்பாட்டலாமோ?

சிவா, 5.22
கூடாது! சாதாரண ஆளின்ரை அளவுக்குக் கொண்டுபோறது நோக்கமில்லை. ரத்தம் கசியாமல் 50,000க்கு மேலை நிண்டால் போதும். 200,000 தாண்டினால் டொக்டர் குறைப்பார், 400,000 தாண்டினால் இடைநிறுத்துவார், கட்டி உறையிற பயம். நீங்களா நிப்பாட்டினால் பழைய அளவுக்கும் கீழை விழும். குளிசை பெட்டியிலை ஒரு கிழமைக்கு மிஞ்சியிருக்கேக்கையே அடுத்ததுக்கு ஓடவேணும், எல்லாப் பாமசியிலையும் இது கிடக்காது.

மதி, 5.31
ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, நெஞ்சு நோ, மூச்சு வாங்கிறது, கண் மஞ்சளாகிறது, மலம் கறுப்பாப் போறது, தாங்கேலாத தலையிடியோடை வாந்தி. இதிலை ஒண்டெண்டாலும் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்காதை, உடனை பெரியாஸ்பத்திரி. காய்ச்சல், நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபெனக், ஐபுபுரோபென், அஸ்பிரின் தொடக்கூடாது, தசையிலை போடுற ஊசியும் வேண்டாம். மழைக்குக் காய்ச்சல் வந்தால் அண்டைக்கே எஃப்.பி.சி. எடுங்கோ. டெங்குவாலை விழுறதை இந்தக் குளிசை தடுக்காது.

சுகந்தி, 5.36
விடிய மறந்து 7க்குப் பால் குடிச்சிட்டா எண்டால்?

சிவா, 5.40
11 மணிக்குப் போடட்டும். 1 மணிவரைக்கும் பால், தயிர் இல்லை. அண்டைக்குக் கல்சியத்தை இரவுக்குத் தள்ளு. முழு நாளும் மறந்தால் அடுத்த நாள் ஒண்டுதான், ரெண்டாப் போடக்கூடாது.