6 அடி அகலச் சமையலறை: சிங்கை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா?

கேள்வி:
சென்னையில் 1980களில் கட்டிய அடுக்குமாடி, இரண்டாவது மாடி. சமையலறை 10 அடி நீளம், 6 அடி அகலம், கடைசியில் ஜன்னல். இப்போது இடது பக்கம் மட்டும் கடப்பா மேடை, சிங்க் ஜன்னலோரம். கழிவுக்குழாய் இறங்குவதும் அதே மூலையில்தான். வலது பக்கமும் 2 அடி மேடை போட்டு, சிங்கை அங்கே மாற்ற நினைக்கிறோம். கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம் இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில் 1:
சிங்கை நகர்த்தாதீங்க. எதிர்ச்சுவரிலிருந்து கழிவு வர 8 அடி ஆகும். 40க்கு 1 வாட்டம் (40 அங்குலத்துக்கு ஓர் அங்குலச் சரிவு) வைத்தால் அதற்கே கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம், அதோடு 2 அங்குலக் குழாய், மேலே பூச்சு. தரையை 5 அங்குலத்துக்கு மேல் உயர்த்தணும். வாசலில் படி வரும், ஸ்லாப்புக்கும் வீண் பாரம். ஸ்லாப்பை வெட்டிக் குழாய் இறக்கலாம்னு மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது, உள்ளே கம்பி இருக்கு. வாட்டத்தைக் குறைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அடைக்கும்.

மேடையும் இரண்டு பக்கம் 2 அடி வேண்டாம். 72 அங்குலத்தில் 48 போனால் நடக்க 24தான். கீழ்க்கதவைத் திறந்து குனிய முடியாது. இடது 24, வலது 15 வைத்தால் நடுவில் 33 கிடைக்கும். அடுப்பும் சிங்க்கும் இடதில், இடையே குறைந்தது 2 அடி. மிக்ஸி, டப்பாக்கள் வலதில். ஃப்ரிட்ஜ் 26-28 அங்குல ஆழம், அது ஹாலுக்குப் போகட்டும். பழைய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்காது. தரை, மேடை, லாஃப்ட் மூன்று உயரத்திலும் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கோங்க. பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டினால் அகலம் இன்னும் குறையும்.

கேட்டவர்:
சரி, சிங்க் அங்கேயே இருக்கட்டும். ஓதம் எங்கிருந்து வருதுன்னு உடைக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

பதில் 2:
முடியும். சமையலறை வால்வை மூடி, வாளித் தண்ணீரால் சிங்கை வழக்கம்போலப் பயன்படுத்தி இரண்டு மூன்று நாள் பாருங்க. ஈரம் காய ஆரம்பித்தால் தண்ணீர் வரும் லைனில் கசிவு. காயலேன்னா சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு கீழே பாருங்க, அது கழிவு லைனுக்கு. கடைசியாகத் தரை ட்ராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாய்) அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் 24 மணி நேரம் தேக்கணும். கீழ்வீட்டில் முன்னாடியே சொல்லிவிடுங்க. பெரும்பாலும் ட்ராப்பைச் சுற்றியுள்ள இணைப்புதான் விட்டிருக்கும்.

எப்படியும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை முழுசாக மாற்றுங்க, வெளியே நல்லா இருந்தாலும் உள்ளே துரு அடைத்திருக்கும். சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் போடும்போது அதற்கான பசையே வேணும், பிவிசி பசை பிடிக்காது. குழாய்த்திருகு வரும் இடங்களில் பித்தளை மரை உள்ளது போடுங்க. பிளாஸ்டிக் மரை இறுக்கும்போதே கீறிவிடும். நாலரை அங்குலச் சுவரில் குழாய் புதைக்கப் படுக்கைவாக்கில் காடி வெட்ட விடாதீங்க. அந்தச் சுவர் தாங்கும் ஆழம் முக்கால் அங்குலம்தான், முக்கால் அங்குலக் குழாயின் வெளிப்பருமனே அதைவிட அதிகம். மேடைக்குக் கீழே சுவரோடு கிளாம்ப் போட்டு ஓட்டினால் நாளைக்குப் பழுது பார்க்கவும் வசதி. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் (குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்ப்பது) கண்டிப்பா.

பதில் 3:
சுவர் திறந்திருக்கும்போதே வயரிங்கையும் முடிச்சிடுங்க. 2000 வாட் இண்டக்‌ஷன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் ஓவனுக்கும் தனித்தனி லைன், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்). மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). பழைய கட்டிடம், எர்த் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு சோதித்த பிறகே பிளக் பாயின்ட்.

சிலிண்டர் மேடைக்குக் கீழே வரும்னா அந்தக் கதவில் அடிமட்டத்தில் காற்றுத் துளை வேணும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிங்க் கீழே உள்ள பெட்டிக்கு மட்டுமாவது பிடபிள்யூபி (தண்ணீர் தாங்கும்) பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்க. வெட்டிய ஓரங்களை மூடாமல் விட்டால் அதுவும் ஊறும்.