தம்பி வாங்கி வந்த ஃபெரெட் குட்டி, இப்போது என் பொறுப்பில்

ஈசூன்காரி:
வணக்கம், கொஞ்சம் அவசரம். தேசிய சேவையில் (கட்டாய ராணுவ சேவை) இருக்கும் என் தம்பி டெலிகிராமில் யாரிடமோ ஒரு ஃபெரெட் குட்டியை (கீரி மாதிரி நீளமாக இருக்கும், நீர்நாய்க்கு உறவு) வாங்கி, என் அறையில் ஷூ பெட்டிக்குள் வைத்துவிட்டு ஞாயிறு ராத்திரி கேம்ப்புக்குப் போய்விட்டான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துக்கோக்கா, பால் குடிக்கும்" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். கண் திறந்திருக்கிறது, பல்லும் இருக்கிறது, என் விரலில் அதைச் சோதித்தும் பார்த்துவிட்டது. அவன் சொன்னபடி பால் வைத்ததிலிருந்து வயிறு போகிறது. மற்ற நேரமெல்லாம் தூக்கம், தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது, பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. என்ன கொடுக்கலாம், ஏர்கான் வேண்டுமா, சிங்கப்பூரில் வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி) இதை வளர்க்கலாமா?

மெல்பர்ன் மாமா:
முதலில் பாலை நிறுத்தும்மா. பசும்பால் இதுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிறு போவது அதனால்தான் இருக்கும். நான் மெல்பர்னில் வேலை பார்த்தபோது இரண்டு வளர்த்தேன், அங்கே அதற்கு அனுமதி உண்டு. இது முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. தயிர்சாதம், வாழைப்பழம், பிஸ்கட் எதுவும் கூடாது, நாய் உணவும் வேண்டாம், புரதம் போதாது. பல் வந்த குட்டி என்றால் என்டியூசி சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் பூனைக்குட்டி உணவை (குட்டிக்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு) வெந்நீரில் ஊறவைத்து மசித்துக் கொடு, இல்லையென்றால் உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழியை எலும்பில்லாமல் பொடியாக நறுக்கிக் கொடு. குடல் ரொம்பச் சின்னது, தின்றது மூணு நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால் ஒரே வேளையாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வை. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

தூக்கம் இயல்புதான், வளர்ந்த ஃபெரெட்டே ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும், அதுவும் செத்துப்போச்சோ என்று நாம் பதறுகிற அளவுக்கு. எழுந்ததும் துள்ளி ஓடினால் கவலையில்லை. எழுந்தும் தள்ளாடினாலோ, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழையபடி படியாமல் நின்றாலோ உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

அப்புறம் ரப்பர். செருப்பு, இயர்போன் நுனி, ரிமோட் பட்டன் எல்லாவற்றையும் கடித்து விழுங்கும், குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் சந்து, ஜன்னல் கிரில் எல்லாவற்றையும் இப்போதே மூடு. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், உயரம் பற்றி இதுக்குப் பயமே கிடையாது.

கிளினிக் நர்ஸ்:
மாமா சொன்னது எல்லாம் சரி, ஆனால் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சிங்கப்பூரில் ஃபெரெட் வளர்க்க அனுமதி இல்லை, வீவக வீடாக இருந்தாலும் சரி, தரை வீடாக இருந்தாலும் சரி. சின்ன விலங்குகளில் முயல், கினி பன்றி, ஹாம்ஸ்டர், ஜெர்பில், சுண்டெலி, சின்சில்லா இவ்வளவுதான் இங்கே பட்டியல். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் பூனைக்கு அனுமதி வந்ததை வைத்து எல்லாமே வளர்க்கலாம் போல என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஈசூன்காரி, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், தேசியப் பூங்காக் கழகத்தை (விலங்கு விதிகளைக் கவனிப்பதும் அவர்கள்தான்) கூப்பிட்டு ஒப்படைத்துவிடுங்கள். விற்றவனோடு பேசிய டெலிகிராம் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஏர்கான் கட்டாயம். 30 டிகிரியைத் தாண்டினாலே இதுக்கு ஆபத்து, நம்மைப் போல் வியர்க்காது, அதனால் ஃபேன் போட்டு ஒன்றும் ஆகாது. ஏர்கான் இல்லாத நேரத்தில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பாதத்தையும் வயிற்றையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைத்துக்கொண்டே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். வீட்டில் யாருக்காவது ஃப்ளூ என்றால் அவர் கிட்டேயே போகக்கூடாது, நம் ஃப்ளூ இதுக்கு அப்படியே தொற்றும். நாயும் பக்கத்தில் வேண்டாம், நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இதுக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம், இந்தக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

தோபாயோ பையன்:
பீஷான் பூங்காவில் நீர்நாய் சுதந்திரமாகச் சுற்றுகிறது, அதோட உறவுக்கார ஃபெரெட்டுக்கு மட்டும் தடையா? 😂 பேசாமல் ஆத்தோரமாக விட்டுவிடுங்க அக்கா, பிழைச்சுக்கும்.

மெல்பர்ன் மாமா:
தம்பி, விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே. 2,000 வருஷத்துக்கு மேல் மனிதனிடம் வளர்ந்த இனம், இந்தக் குட்டி வெளியே ஒரு வாரம் தாங்காது. தாங்கினால் அது வேறு தொல்லை. நியூசிலாந்தில் 1880களில் முயலைப் பிடிக்கட்டும் என்று விட்டார்கள், அது கீவிப் பறவையைப் பிடித்தது, 2002இல் விற்பதற்கும் வளர்ப்பதற்கும் தடையே போட்டுவிட்டார்கள். இங்கே தடைக்கு ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) இன்னொரு காரணம். 1953க்குப் பிறகு இந்த ஊரில் அது இல்லை, ஃபெரெட்டுக்கு அது வரும், எங்கிருந்தோ பையில் ஒளித்துக் கொண்டுவந்த குட்டிக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது?

ஈசூன்காரி:
கோழி வைத்தேன், ஒரு நிமிஷத்தில் காலி. எழுந்ததும் அறை முழுக்க பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஓடுகிறது, அப்படியானால் பரவாயில்லை போல. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, முதலில் கத்தினார்கள், இப்போது கோழி நறுக்கிக் கொடுப்பது அவர்கள்தான். தம்பியை நினைத்துத்தான் இருவருக்கும் பயம், அவனுக்குப் பிரச்சினை வருமா?

கிளினிக் நர்ஸ்:
வராது என்று நான் சொல்ல முடியாது, வைத்திருப்பதும் குற்றம்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்து பூங்காக் கழக அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவதைவிட நீங்களாகக் கூப்பிடுவது மேல். தம்பி போனை எடுத்ததும் முதலில் அவனிடம் சொல்லுங்கள், எங்கே வாங்கினான், எவ்வளவு வெள்ளி, எல்லாம் அவன் வாயாலேயே சொல்லட்டும். வருகிறவர்களிடம் குட்டியைக் கொடுக்கும்போது என்ன தின்றது, எப்போதிலிருந்து வயிறு போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஷூ பெட்டி வேண்டாம், காற்று போகிற மாதிரி பூனை கூடை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள்.