எதிர்த்தரப்பு இல்லாமல் ஒருதலையாக நடக்கும்படி எக்ஸ்பார்ட்டி ஆன வழக்கு மறுபடி எழுந்து வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கரூரான்:
அப்பா கொடுத்த கைமாற்று, 4 லட்சம். புரோநோட்டு (கடன் உறுதிச்சீட்டு) கேஸ். பிரதிவாதி சம்மன் வாங்கினார், வக்கீல் வைத்து வக்காலத்தும் போட்டார், எங்கள் வழக்குக்கு எழுத்தில் தர வேண்டிய பதிலான எதிருரை மட்டும் வரவே இல்லை. 7 வாய்தா பார்த்துவிட்டு எட்டாவதில் செட் எக்ஸ்பார்ட்டி. அம்மா அன்றைக்குப் பாயசமே வைத்துவிட்டார். அடுத்த வாய்தாவுக்கு அப்பாவின் பிரமாணப் பத்திரத்தோடு போனால், எதிர்த்தரப்பு எக்ஸ்பார்ட்டியை நீக்கக் கேட்கும் ஆணை 9 விதி 7 மனுவோடு நிற்கிறது. காரணம் மஞ்சள் காமாலையாம். நீதிபதி தலை நிமிரவே இல்லை. “ஆயிரம் காஸ்ட், அலவ்டு.” எங்களுக்கு ஆயிரம் ரூபாய் செலவுத்தொகை கொடுத்தால் மனு ஏற்பு என்று அர்த்தம். வராந்தாவில் அவர்கள் வக்கீல் இரண்டு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்ட, எங்கள் வக்கீல் அதை வாங்கி அப்பாவின் சட்டைப் பையில் செருகினார். அப்பா அதை இன்னும் செலவழிக்கவில்லை.

தையல்கடை அக்கா:
நான் அந்தப் பக்கம், பிரதிவாதியாக நின்றவள். காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு எதிராக டிக்ரி (தீர்ப்பாணை) ஆன விஷயமே ஜப்திக்குக் கோர்ட் அமீனா வந்தபோதுதான் தெரியும். அவர் என் தையல் மெஷினை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொழில் கருவியை ஜப்தி செய்யக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. டிக்ரி தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட்டு ரத்து வாங்கினேன். கரூரான், உங்கள் பிரதிவாதிக்கு நிஜமாகவே காமாலை வந்திருந்தால்?

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
காமாலைக்கு 7 வாய்தாவா? அக்கா கதை வேறு, இது வேறு. உங்களுக்குச் சம்மனே சேரவில்லை, இந்த ஆள் வாங்கி மடியில் வைத்திருந்தவர். சரி, கரூரான் கவனிக்க. எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90. ஆனால் அது கட்டாயமில்லை, நடைமுறைக்கான வரையறைதான் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் கைலாஷ் வழக்கில் சொல்லிவிட்டது. வணிக வழக்கு என்றால் மட்டும் 120 நாளோடு கதவு மூடும். கைமாற்று அதில் வராது. நம் ஊர்ப்பக்கத்து வழக்கு ஒன்றில், 1998-இல், 883 நாள் தாமதத்தையே மன்னித்தார்கள். வக்கீல் கோட்டைவிட்டதற்குக் கட்சிக்காரர் அழக் கூடாதாம். அதனால் இந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு என்று சென்னைக்கோ மதுரைக்கோ அலையாதீர்கள், இரண்டு வருடம் போய்விடும். ஆயிரம் ரூபாய்க்குத் தலையாட்டிய உங்கள் வக்கீல் “கொஞ்சம் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை போடுங்கள்” என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்தில் அவர் மேல் ஒரு புகார் தட்டுங்கள்.

ஜூனியர்:
குமாஸ்தா ஐயா, வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதமே தீர்ப்பு வந்தாகிவிட்டது. பாவம், கரூரானைக் கிளப்பிவிடாதீர்கள்.

கரூரான்:
நான் யோசனை கேட்கவில்லை ஐயா. அக்கா, காமாலை உண்மையா என்று எனக்கும் தெரியாது. எதிருரை போன வாரம் வந்தது. மொத்தம் இரண்டே பக்கம். வாதியை யாரென்றே தெரியாதாம். அந்தப் பிரதிவாதி மகள் கல்யாணத்துக்கு நாங்கள் வைத்த குத்துவிளக்கு அவர் வீட்டுக் கூடத்தில்தான் நிற்கிறது.