ஜெபிக்க வார்த்தையே வரவில்லை, என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். கணவருக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும்; தாகம் தாங்காமல் ஐஸ் துண்டை வாயில் அதக்கிக்கொள்வார். சபையில் "விசுவாசமாயிருங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துவிட்டுப் போகிறார்கள். வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது. கிறிஸ்து தாங்குவார் என்று எதை வைத்து நம்புவது?

பதில்: அக்கா, 1 இராஜாக்கள் 19 பாருங்கள். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான். தின்றுவிட்டு மறுபடி தூங்கினார். நீங்கள் தூங்குகிறீர்களா?

பதில்: பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக பவுல் 2 கொரிந்தியர் 1:8இல் ஒளிக்காமல் எழுதுகிறார். தன் மாம்சத்தில் இருந்த 'முள்ளை', அதாவது தன்னை வருத்திய உபத்திரவத்தை, எடுக்கும்படி மூன்று தரம் கேட்டார்; எடுக்கப்படவில்லை, கிருபைதான் கிடைத்தது. (எனக்கே அது லேசில் இறங்கவில்லை.) ஆனாலும் அவர் விழுந்துபோகவில்லையே. வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை சகோதரி, ரோமர் 8:26 அதற்குத்தான் இருக்கிறது: ஜெபிக்கத் தெரியாதபோது ஆவியானவரே நமக்காகப் பெருமூச்சுகளோடு வேண்டுகிறார்.

பதில்: நான் பக்கத்தில் கம்மனஹள்ளிதான்மா. சனிக்கிழமை அவரோடு நான் உட்காருகிறேன், நீங்கள் வீட்டில் படுங்கள். சாப்பாடும் நம் வீட்டிலிருந்தே. உப்பு எவ்வளவு?

கேட்டவர்: பாதி உப்பு போதும் அண்ணா. தக்காளி வேண்டாம்.