கோப்பில் அமைச்சர் எழுதிய இரண்டு சொல்லுக்கு யார் பதில் சொல்வது?

வடக்குவெளி எழுதியது:

என் அப்பா பெயரில் இருந்த 2 ஏக்கர் 38 சென்ட் நஞ்சையை 1986-இல் ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு என்று எடுத்தார்கள். வீடுகள் கட்டி, மனைகள் விற்று, குடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்கள் துண்டு மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடப்பதால் எந்த மனைப்பிரிவிலும் சேரவில்லை. அங்கே குடியிருப்பது சீமைக் கருவேலம்தான்.

1997-இல் தமிழ்நாடு அரசு பழைய நிலம் எடுப்புச் சட்டத்தில் 48-பி என்றொரு பிரிவைச் சேர்த்தது. எடுத்த நோக்கத்துக்கோ வேறு பொது நோக்கத்துக்கோ தேவைப்படாத நிலத்தை, வாங்கிய இழப்பீட்டைத் திருப்பிக் கட்ட முன்வரும் பழைய உரிமையாளருக்கு அரசு மாற்றிக் கொடுக்கலாம் என்றது அது. 2010-இல் மனுக் கொடுத்தேன். இரண்டு வருடம் சத்தமே இல்லை. உயர் நீதிமன்றம் போய், 'பரிசீலித்து முடிவெடுக்கவும்' என்று உத்தரவு வாங்கினேன். 2013-இல் முடிவு வந்தது. 'தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' கடிதம் முழுவதுமே அவ்வளவுதான். அதை எதிர்த்துப் போட்ட ரிட் மனு 2014-இலிருந்து மதுரைக் கிளையில் கிடக்கிறது.

சென்ற ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நகலைக் கேட்டேன். மேல்முறையீடு வரை போய், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி, 64 பக்கம் வாங்கினேன். 'நிலம் தேவைப்படவில்லை, திருப்பித் தரலாம்' என்று பிரிவு அலுவலரிலிருந்து செயலாளர் வரை எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அமைச்சரின் கை: 'தேவையில்லை. நிராகரிக்கவும்.' கீழே சுருக்கொப்பம், தேதி. இதே அமைச்சர் எட்டு மாதம் முன்பு எங்கள் பக்கத்துச் சர்வே எண்ணை, அதே வாய்க்கால், அதே கருவேலம், அதன் பழைய உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அவர் இன்று அமைச்சர் இல்லை. கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் பார்க்கிறேன், வணக்கம்கூட வைக்கிறார். செயலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அரசு வழக்கறிஞரைக் கேட்டால் 'இது அரசின் முடிவு' என்கிறார். அந்த அரசு என்பது யார்? அவரைப் பெயர் சொல்லி வழக்கில் சேர்க்க முடியுமா? அவர் கைப்பணத்திலிருந்து ஒரு ரூபாயாவது வாங்க முடியுமா?

தயவுசெய்து அரியலூர் ரயில் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகிய கதையை யாரும் சொல்ல வேண்டாம். என் அப்பா அதைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்.

—

தினம்ஒருவரி எழுதியது:

அரசியல் சாசனத்தின் 164-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள் ஐயா. அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் பொறுப்பு என்று எங்கும் இல்லை. ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்கலாம், அதுவும் ஏற்கெனவே நடந்துவிட்டது போலிருக்கிறதே.

—

கோட்டைக்காரர் எழுதியது:

தலைமைச் செயலகத்தில் 31 ஆண்டுகள் இருந்தேன். உதவிப் பிரிவு அலுவலராக நுழைந்து சார்புச் செயலாளராக வெளியே வந்தவன். உங்கள் 64 பக்கத்தைப் பார்க்காமலே அதன் உருவம் எனக்குத் தெரியும். கீழே இருப்பவன் நான்கு பக்கம் எழுதுவான். மேலே போகப் போகக் கை சுருங்கும். அமைச்சர் மேசையில் இரண்டு சொல்தான் மிஞ்சும்.

அந்த இரண்டு சொல் பிரிவுக்குத் திரும்பி வந்ததும் நாங்கள் கடிதம் தயாரிப்போம். அதில் அமைச்சர் பெயர் வராது. அரசாணையாக இருந்தால் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று போட்டுச் செயலாளர் கையெழுத்திடுவார், 166-ஆவது பிரிவு கேட்பது அதைத்தான். உங்கள் வாய்க்கால் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஆளுநருக்குத் தெரிய வாய்ப்பில்லை. முடிவெடுத்தவர் பெயர் தாளில் இருக்காது, தாளில் பெயர் உள்ளவர் முடிவெடுத்திருக்க மாட்டார். 'அரசு என்பது யார்' என்ற உங்கள் கேள்வி பிறக்கும் இடம் இது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு வந்தது போன்ற ஒற்றை வரிக் கடிதங்களை நானே எழுதியிருக்கிறேன். ஒருமுறை, 'காரணம் எழுதட்டுமா சார்?' என்று மேலதிகாரியிடம் கேட்டேன். 'காரணம் எழுதினால் வழக்குப் போடுவான்' என்றார். காரணம் எழுதாததற்காகவே அந்த ஆள் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

இன்னொன்று. அமைச்சர் கோப்பில் எழுதுவது மட்டும் ஆணை ஆகாது. பெப்சு (பாட்டியாலா உள்ளிட்ட பஞ்சாப் சமஸ்தானங்களின் ஒன்றியம்) மாநில வருவாய் அமைச்சர் ஓர் ஊழியருக்குச் சாதகமாகக் கோப்பில் எழுதினார், அது ஆணையாக அந்த ஊழியருக்கு அனுப்பப்படவில்லை. பெப்சு பஞ்சாபோடு இணைந்தபின் அந்த முடிவு மாற்றப்பட்டது. பச்சித்தர் சிங் என்ற அந்த வழக்கில், கோப்பில் இருக்கும் வரை அது வெறும் குறிப்புதான் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் எதிர்க்க வேண்டியது 2013 கடிதத்தை. அந்தக் கடைசிப் பக்கம் அதற்குச் சாட்சி.

அரியலூர் வேண்டாம் என்றீர்கள், நல்லது. உங்கள் கேள்விக்கு அதைவிட நெருக்கமானது முந்த்ரா விவகாரம். 1957-இல் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கியது. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் பிடித்துக்கொண்டார். நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அது தம் செயலாளர் செய்தது, தமக்குத் தெரியாது என்பது அவர் வாதம். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, பழியை அவர் தலையில் போட்டுவிட்டு ஒதுங்க முடியாது என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1963-இல் டி.டி.கே. மறுபடி நிதியமைச்சர். அந்தச் செயலாளர் எச்.எம். பட்டேல் 1977-இல், அவரும் நிதியமைச்சர்! பதவி விலகலை நான் பெரிய தண்டனையாக நினைக்காததற்கு இதுதான் காரணம். சாக்ளா எல்லாரையும் கூப்பிட்டு வைத்து வெளிப்படையாகக் கேள்வி கேட்டாரே, அது வேறு.

—

கிளைவக்கீல் எழுதியது:

வணக்கம் அண்ணா. மதுரைக் கிளையில் வழக்கு நடத்துகிறேன். உங்கள் வழக்கறிஞர் இருக்கும்போது நான் குறுக்கே பேசக் கூடாது, பொதுவாக மட்டும் சொல்கிறேன்.

முன்னாள் அமைச்சரைப் பெயர் சொல்லிச் சேர்க்க முடியும். உள்நோக்கத்தோடு செய்தார் என்று குற்றம் சாட்டினால் சேர்த்தே ஆக வேண்டும். ஒருவரை எதிர்மனுதாரராக்காமல் அவர்மேல் உள்நோக்கம் கற்பித்தால் நீதிமன்றம் காதில் வாங்காது. சேர்த்த பிறகு அவர் தம் பெயரில் பிரமாணப் பத்திரம் போட்டுப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதன் பலம் தெரிய வேண்டுமானால் கர்நூல் பஸ் வழக்கைப் பாருங்கள். ஆந்திராவில் தனியார் பஸ் தடங்களை அரசுடைமையாக்கும் திட்டத்தில் கர்நூல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியை முதலில் பிடித்தார்கள். அங்கே பஸ் ஓட்டியவர்களில் முதலமைச்சர் நீலம் சஞ்சீவ ரெட்டியின் அரசியல் எதிரிகள் இருந்தார்கள், அவர்களை ஒழிக்கத்தான் இந்த வரிசை என்று பஸ் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். மற்றவர்கள் பத்திரம் போட்டார்கள், முதல்வர் போடவில்லை. அவர் மறுக்காத குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டு உச்ச நீதிமன்றம் 1964 ஜனவரியில் திட்டத்தை ரத்து செய்தது. அடுத்த மாதமே அவர் பதவி விலகினார். (கோட்டைக்காரர் ஐயாவின் பட்டியலில் இவரையும் சேர்க்கலாம், 1977-இல் குடியரசுத் தலைவர் ஆனார்.)

கைப்பணம் பற்றிக் கேட்டீர்கள். 1996-இல் பெட்ரோல் பங்க்குகளைத் தம் விருப்பப்படி ஒதுக்கியதற்காக மத்திய அமைச்சராக இருந்த சதீஷ் சர்மா 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாரும் கைதட்டினோம். 1999-இல் மறு ஆய்வில் அதே நீதிமன்றம் அந்த 50 லட்சத்தை நீக்கிவிட்டது. ஆகவே அந்த ஒரு ரூபாய் ஆசையை மறந்துவிடுங்கள். சிறை என்பது நீதிமன்ற உத்தரவை மீறினால்தான். மர அறுவை ஆலைகள் விஷயத்தில் உத்தரவை மீறியதற்காக மகாராஷ்டிர அமைச்சர் ஸ்வரூப்சிங் நாயக்குக்கு 2006-இல் ஒரு மாதம் கொடுத்தார்கள். உங்கள் விஷயத்தில் உத்தரவு 'பரிசீலிக்கவும்' என்பதுதான். பரிசீலித்தார்கள். மோசமாகப் பரிசீலிப்பது அவமதிப்பு ஆகாது.

உங்களுக்குக் கைகொடுக்கக் கூடியது காரணமில்லாத அந்தக் கடிதம். ஆணை வெளியிட்டபோது சொல்லாத காரணத்தை வழக்கு வந்தபின் பத்திரத்தில் சேர்க்க முடியாது என்பது 1977-இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் வந்தது. அதோடு பக்கத்துச் சர்வே எண். ஒரே வாய்க்கால், ஒரே அமைச்சர், எட்டு மாத இடைவெளி, இரண்டு விதமான முடிவு! உள்நோக்கத்தை நிரூபிப்பது மலையேறுவது போல. பாரபட்சத்தைக் காட்ட இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 48-பி-யில் 'தரலாம்' என்றுதான் இருக்கிறது, 'தர வேண்டும்' என்று இல்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மிகவும் இறுக்கமாகப் படித்தது. எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான். நிலம் இன்னும் அரசிடம் இருக்கிறதா, வீட்டு வசதி வாரியத்தின் பெயருக்கே போய்விட்டதா என்று பட்டாவை இன்றே பாருங்கள்.

—

தேம்ஸ்கரை எழுதியது:

இங்கிலாந்தில் இருக்கிறேன். உங்கள் கதையைப் படித்ததும் கிரிச்சல் டவுன் நினைவுக்கு வந்தது, ஏறக்குறைய உங்கள் நிலம்தான். டார்செட் மாவட்டத்தில் 725 ஏக்கரை 1938-இல் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக விமானத் துறை வாங்கியது. தேவை முடிந்ததும் பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பித் தருவதாக 1941-இல் நாடாளுமன்றத்திலேயே வாக்குறுதி. போருக்குப் பிறகு நிலம் விவசாயத் துறைக்குக் கைமாறியது. சொந்தக்காரரின் மகளும் மருமகனும் விடாமல் நச்சரித்தார்கள். விசாரணை வந்தது, அதிகாரிகள் நடந்துகொண்ட விதம் கிழிபட்டது. 1954 ஜூலையில் அமைச்சர் தாமஸ் டக்டேல் அவையில் எழுந்து பதவி விலகினார்.

அதிகாரிகளின் தவறுக்காக விலகிய உத்தமர் என்று நெடுநாள் பாராட்டினார்கள். பின்னாளில் ஆவணங்கள் வெளிவந்தபோது, அந்த முடிவில் அவருக்கே பங்கு இருந்தது தெரிந்தது! இங்கே நிலைத்து நின்றது கிரிச்சல் டவுன் விதிகள். தேவைப்படாத நிலத்தை விற்கும்போது முதலில் பழைய உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்கின்றன. உங்கள் 48-பி-க்குத் தூரத்துச் சொந்தம். இங்கே கேட்பது துறையின் கடமை, அங்கே நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

—

வடக்குவெளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தினம்ஒருவரி ஐயா, அவர் தோற்றது உண்மைதான். ஆனால் என் வாய்க்கால் கரையில் ஒரு கருவேலம்கூடச் சாயவில்லை.

வக்கீலம்மா, பட்டாவை இன்று காலை பார்த்தேன். வாரியத்தின் பெயரில் இல்லை, இன்னும் அரசு என்றே இருக்கிறது. நாற்பது வருடத்தில் அவர்கள் செய்ய மறந்த வேலை ஒன்று எனக்கு உதவியிருக்கிறது.

உள்நோக்கத்தை விட்டுவிட்டுப் பாரபட்சத்தை மட்டும் பிடிக்கலாம் என்று எங்கள் வழக்கறிஞரும் சொல்கிறார். எனக்கு அதில் பாதிச் சம்மதம். 'தேவையில்லை' என்றால் யாருக்குத் தேவையில்லை என்று அவரிடம் ஒரு தடவை கேட்க வேண்டும், சத்தியப் பிரமாணத்தின் பேரில் பதில் வேண்டும். நிலத்தைத் தராவிட்டாலும் அந்தப் பதிலைத் தரட்டும். பெயர் சேர்க்கும் மனுவையும் போடச் சொல்லியிருக்கிறேன். செலவு என்னுடையது.

பக்கத்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்த அரசாணையின் நகல் என்னிடம் இல்லை. எண் மட்டும், அதுவும் வாய்மொழியாகத் தெரியும். எப்படிக் கேட்பது?

—

கோட்டைக்காரர் எழுதியது:

வெறும் எண்ணைக் கொடுத்தால் 'அப்படி ஓர் ஆணை இல்லை' என்று பதில் வரும், நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும், போதாததற்கு நிலை, வாலாயம், டி என்று வகையும் உண்டு. துறை, ஆண்டு, கிராமம், சர்வே எண் எல்லாவற்றையும் எழுதி, எந்த வகையாக இருந்தாலும் தரவும் என்று சேர்த்துக் கேளுங்கள். அரசாணை மட்டும் போதாது, அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களும் வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் அதே கை என்ன எழுதியது என்று பார்க்க எனக்கும் ஆசை. கிடைத்ததும் இங்கே எழுதுங்கள்.