நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பயிற்சியா, பழக்கமா? டெல்டா பக்கம் பார்த்தது

பிசியோதெரபிஸ்ட், கும்பகோணம்:
மூன்று மாதத்துக்கு மேல் வலி என்று வருபவர்கள் பலரிடம் ஏற்கெனவே ஒரு பயிற்சித் தாள் இருக்கும். ஸ்கேன் கவருக்குள் நாலாக மடிந்து கிடக்கும். "பத்து நாள் செஞ்சேன் சார், கேக்கல" என்பார்கள். பத்து நாளில் கேட்காதுதான். 6 முதல் 8 வாரமாவது வேண்டும்.

தாளில் மூன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றும் நடக்காது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி 5 விநாடி, 10 தடவை. அடுத்து, கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி 8 விநாடி, பிறகு மாற்றி, பக்கத்துக்கு 6. இதில்தான் தப்பு நடக்கும். இடுப்பு ஒரு பக்கம் சரியும், மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். இடுப்பின் மேல் பாதித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் டம்ளரை வைத்துவிட்டால் நாம் சொல்லவே வேண்டாம், சரிவது அவர்களுக்கே தெரியும். மூன்றாவது, குனியும் பழக்கம். ஒரு கம்பை முதுகோடு வைத்து, பின்தலை, நடுமுதுகு, புட்டத்துக்கு மேல் எலும்பு மூன்றிலும் பட்டபடியே குனியச் சொல்லுங்கள். கம்பு எங்காவது விலகினால் இடுப்பு மூட்டில் மடங்காமல் முதுகை வளைக்கிறார் என்று அர்த்தம்.

செய்யும்போது வலி கொஞ்சம் கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் சரி. இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்கணும், நிறுத்தக் கூடாது.

முதுகை இழுத்து வைக்கும் இழுவை, அல்ட்ராசவுண்ட், தோலில் ஒட்டி வைக்கும் கரண்ட், இடுப்பு பெல்ட் எதையும் வழக்கமான வைத்தியமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் கரண்ட் வைக்கவில்லை என்றால் "ஒண்ணுமே பாக்கல" என்று வேறு இடம் போய்விடுகிறார்கள்!

உணவு ஆலோசகர், தஞ்சாவூர்:
ஆஸ்திரேலியாவில் 346 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் வழக்கமான பிசியோ. இன்னொரு பக்கம் எடை, சாப்பாடு, தூக்கம், புகை பற்றிய ஆலோசனை. 26 வாரம் கழித்து, அன்றாட வேலைத் தடையை அளக்கும் 24 மார்க் அளவுகோலில் ஆலோசனைக் குழு 1.3 மார்க் கூடுதலாகத் தேறியிருந்தது. சின்ன வித்தியாசம்தான். அந்தக் குழுவிலும் பிசியோதெரபிஸ்ட் இருந்தார் என்பதை விட்டுவிட்டு "பயிற்சியே வேண்டாம்" என்று பரப்புகிறார்கள்.

கல்லாவில் நாள் முழுக்க உட்காருபவருக்கு இது பொருந்தும். "உடம்பைக் குறைங்க" என்பதை ஆலோசனை என்று நான் எண்ணுவதில்லை. எத்தனை காபி, டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் என்று கேட்கணும். நாலு காபி, ரெண்டு ரெண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. அதைப் பாதியாக்குவது, சாப்பிட்டதும் 10 நிமிடம் நடப்பது, இந்த இரண்டில் தொடங்கினால் போதும்.

சுகாதாரத் தன்னார்வலர், மன்னார்குடி பக்கம்:
மேடம், நடவுக்குப் போற அக்காவுக்கு எடையே 45 கிலோ. அவங்ககிட்ட எடையக் குறை, நடன்னு சொன்னா சிரிப்பாங்க. அந்த ஆராய்ச்சி எடை கூடினவங்க, சாப்பாடு சரியில்லாதவங்க, உடலசைவு இல்லாதவங்க, புகைக்கிறவங்கன்னு ஏதாவது ஒண்ணு இருக்கறவங்களுக்குத்தானே?

இங்க கேக்க வேண்டியது, எழுந்து எவ்வளவு நேரத்துல குனியறீங்கன்னு. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற தட்டு (டிஸ்க்) நீர் ஏறி உப்பியிருக்கும். முதல் ஒரு மணி நேரம் குனிஞ்சா அதுமேல அழுத்தம் அதிகம். வாசப் பெருக்கறது, கோலம், அப்புறம் நேரா வயல்னு எல்லாமே அந்த நேரத்துலதான். நீளக் கைப்பிடி விளக்குமாறு, வயலுக்கு வண்டியில போகாம நடை, இது ரெண்டையும் மாத்த முடியும்.

நடும்போது நாத்து முடி வச்சிருக்கற கையோட முழங்கையை தொடைமேல ஊனிக்கிட்டா முதுகுக்குப் பாரம் குறையும். அரை மணிக்கு ஒரு தடவை நிமிந்து, இடுப்புல கை வச்சு 5 தடவை பின்னால சாயணும். ஆனா ஏக்கர் கணக்கு ஒப்பந்த நடவுல ஒருத்தி மட்டும் நிமிந்தா பேச்சு கேக்கணும். அதனால ஆள் கூட்டி வர்ற அக்காகிட்டதான் முதல்ல பேசணும். எல்லாரும் சேந்து நிமிந்தா பிரச்சனையில்ல.

கொள்முதல் நிலையச் சுமை வேலை தெரிந்தவர், நீடாமங்கலம்:
நெல் மூட்டை, நாங்க சிப்பம்னு சொல்றது, 40 கிலோ. எடையைவிட, காலை நட்டுக்கிட்டு இடுப்பைத் திருப்புறதுதான் பிடிச்சுக்கும். பாதத்தோட திரும்பணும். அடுக்கை இடுப்பு உயரத்துக்குக் குறையாம வச்சா தரையிலேருந்து தூக்க வேண்டியதில்ல. ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டு அறுவடை தொடங்கின அன்னிக்கே முழு லோடு ஏத்தறவங்கதான் படுத்துக்கறாங்க. முதல் வாரம் பாதி.

பிசியோதெரபிஸ்ட், கும்பகோணம்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அல்லது வராமல் நின்றால், உட்காரும் இடம் மரத்தால், பாதம் தொய்ந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வலி, காரணமில்லாத எடைக் குறைவு என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

வர முடியாதவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டிலேயே பிசியோ கிடைக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் திட்டம். நடவு ஆட்களுக்குப் பயிற்சியைச் சித்திரை பிறந்ததும் தொடங்குங்கள். வயல் காய்ந்து கிடக்கும், ஆளும் வீட்டில் இருப்பார். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து நடவு வேலை வந்தால், அதற்குள் எட்டு வாரம் ஆகியிருக்கும்.